பால் சேராத சோப்பு

எங்கள் சோப்பை வாங்கி விற்கும் மேடம் பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோது நான் சோப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ஊற்றியது நன்றாக இறுகியிருந்தது. கம்பி கட்டிய மரப்பெட்டிக்குள் கட்டியை ஒரே சீராகத் தள்ள வேண்டும். நடுவில் கையை எடுத்தால் விளிம்பு உடைந்துவிடும். அதனால் போனை ஜன்னல் கட்டையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, வெட்டிக்கொண்டே பேசினேன். உங்கள் சோப்பு நன்றாகப் போகிறது என்றுதான் ஆரம்பித்தார். அவர் நல்ல செய்தியில் ஆரம்பித்தால் பின்னால் ஒரு வேலை வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கும் வந்தது. இனிமேல் சோப்பில் ஆட்டுப்பால் வேண்டாம் என்றார். தேன் வேண்டாம். உதட்டு வெடிப்புக்குப் போடும் பாமில் தேன்மெழுகு வேண்டாம். எல்லாவற்றையும் வீகனாக மாற்றிவிடலாம் என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. கொஞ்ச நாளாகவே அது எங்கள் பக்கமும் வந்துவிட்டது. பாலக்கோட்டில் நான் சோப்பு கொடுக்கும் பியூட்டி பார்லரில் முயல் படம் போட்ட டப்பாக்கள் ஒரு தட்டு முழுக்க நின்றன. தர்மபுரியில் காலேஜ் படிக்கும் பெண்கள் அந்த முயலைத் தேடிப் பார்த்து வாங்குகிறார்கள் என்று பார்லர்காரம்மா சொல்லியிருந்தார். முயல் இருந்தால், எந்தப் பிராணியின் மேலும் போட்டுச் சோதிக்காதது, எந்தப் பிராணியிடமிருந்தும் எதையும் எடுக்காதது. மேடத்தின் ஆன்லைன் கடையிலும் ஒவ்வொரு படத்தின் கீழும் அதே கேள்விதான் வருகிறதாம். 'இது வீகனா, இது க்ரூயல்டி ஃப்ரீயா' என்று கேட்கிறார்களாம். ஆட்டுப்பால் என்று பெயரைப் பார்த்ததுமே விலகிப் போகிறார்களாம்.

சரிங்க மேடம் என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன். வெட்டி முடித்த துண்டுகளைத் தட்டில் அடுக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தேங்காய்ப் பாலை ஊற்றினாலும் சோப்பு சோப்பாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அக்கா என்று நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரருடைய மூத்த அக்காவை. அவரைக் கல்யாணம் செய்து கொடுத்தது தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு ஊரில். புருஷன் இறந்துபோன பிறகு அங்கே அவருக்கு இடமில்லாமல் போனது. பிள்ளை குட்டியும் இல்லை. ஒரு துணி மூட்டையோடும் இரண்டு வெள்ளாட்டோடும் வந்து, எங்கள் நிலத்தின் ஓரத்தில் இருந்த ஓட்டு அறையில் தங்கிக்கொண்டார். தம்பி வீட்டில் சோறு சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் அவருக்கு ஒருநாளும் போகவில்லை. எங்கள் வீட்டில் தட்டை வைத்து உட்காரும்போதெல்லாம், அதற்கு முன்னால் ஏதாவது ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் உட்காருவார்.

சோப்பை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் எங்கள் மாதா கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்தின் சிஸ்டர்கள். ஊரடங்கு முடிந்த மறு வருடம், மடத்து ஹாலில் பெண்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் காஸ்டிக் சோடாவின் நெடி தாங்காமல் விட்டுவிட்டார்கள். தக்காளிக் காட்டில் குனிந்து குனிந்து என் இடுப்பு போயிருந்தது. நின்றபடி செய்யும் வேலை எதுவானாலும் சரி என்று நான் பிடித்துக்கொண்டேன். ஆட்டுப்பால் யோசனை அக்காவுடையது. அப்போது ஆடுகள் பெருகி ஒரு சின்ன மந்தையாகியிருந்தன. டீக்குப் போக மிஞ்சும் பாலை என்ன செய்வது என்று தெரியாமல், இதை உன் சோப்பில் ஊற்றிப் பாரேன் என்றார். முதல் தடவை பால் கருகி, ஆரஞ்சு நிறமாகி, நாற்றம் எடுத்தது. பிறகு பாலை உறைய வைத்து, ஐஸ் மாதிரி இருக்கும்போதே சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம். அந்தச் சோப்புதான் மேடத்தை எங்களிடம் கொண்டுவந்தது. மடத்துச் சிஸ்டர் ஒருவர் பெங்களூருக்கு எடுத்துப்போனது, யார் கையிலிருந்தோ யார் கைக்கோ மாறி, அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் அடித்த உறையில் ஆட்டின் படம் இருந்தது. அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது முன்னால் வேலை எதையும் தேடவில்லை. அதை நான் கவனித்தேன். என் வீட்டுக்காரர் கவனித்தாரா என்று தெரியாது.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அக்கா குட்டிகளைக் கவிழ்த்த கூடைக்குள் அடைத்துக்கொண்டிருந்தார். மேடம் சொன்னதையெல்லாம் சொல்லி, வீகன் என்றால் என்னவென்றும் எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். அவர் கூடையின் மேல் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பால் கறந்தா ஆட்டுக்கு நோவுதாமா?"

"நோவாதுன்னு நமக்குத் தெரியுங்க்கா. வாங்கறவங்க எங்க வந்து பாத்தாங்க?"

"குட்டி குடிச்ச மிச்சத்ததான நான் எடுக்கறேன். நீ அதச் சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன். சொன்னால் மேடம் ஒத்துக்கொள்வார். ஆனால் அவருடைய கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் போய் யார் சொல்வது? மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போலச் சொம்பில் பால் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு ஞாபகம் வந்தவர்போல அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

புதிய சோப்பு எங்களை வாட்டி எடுத்துவிட்டது. தேங்காய்ப் பால் ஒருநாள் சரியாக வரும், மறுநாள் எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். தேன்மெழுகுக்குப் பதிலாக மேடம் கூரியரில் அனுப்பிய செடிமெழுகு, வெளிநாட்டில் ஏதோ பாலைவனத்துச் செடியிலிருந்து எடுப்பதாம், கல் மாதிரி இருந்தது. உருக்கி ஊற்றினால் ஆறும்போது மணல் மணலாகத் திரண்டது. அளவைக் குறைத்தால் சித்திரை வெயிலில் டப்பாவுக்குள்ளேயே எண்ணெயாக ஓடியது. வடித்து, மறுபடி உருக்கி, மறுபடி ஊற்றி, அந்தக் கோடை முழுவதும் அடுப்பின் முன்னால் போனது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு. மத்தியானத்தில் உடம்பெல்லாம் உப்புப் பூத்து, பேசக்கூடச் சக்தியில்லாமல் நானும் அக்காவும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து கிடப்போம்.

ஆமாம், அக்கா வந்தார். பால் வேண்டாம் என்றதும் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். காலையில் ஆடுகளை ஓட்டிப்போய் வேலியோரம் கட்டிவிட்டு வந்து, தேங்காய்களைத் துருவ உட்கார்ந்துவிடுவார். துருவுவார், பிழிவார், வடிகட்டுவார், சக்கையைக் கொண்டுபோய் ஆடுகளுக்குப் போடுவார். முன்பெல்லாம் இந்த ஆடு இப்படிச் செய்தது, அந்தக் குட்டி அப்படித் துள்ளியது என்று பேச்சு ஓயாது. இப்போது தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், இந்தத் தேங்காயை முடித்துவிட்டு வருகிறேன் என்பார்.

ஒருவழியாகப் பக்குவம் பிடிபட்டது. மேடத்துக்கு மாதிரி அனுப்பினோம், பிடித்திருந்தது. அடுத்தது சான்றிதழ். நாம் சொன்னால் போதாது, ஒருவர் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும் என்றார். அதற்கான செலவை அவரே பார்த்துக்கொண்டார்.

பார்க்க வந்தது ஒரு சின்னப் பெண். இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்காது. பாப்பாரப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை என் வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிவந்தார். விடியற்காலையில் கிளம்பியவளாம், வழியில் இன்னொரு ஊரிலும் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். செருப்பைக் கழற்றியபோது பார்த்தேன், பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அக்கா அவசரமாக டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். அந்தப் பெண் தயங்கி, பால் சேர்ப்பதில்லைங்க என்றாள். அக்கா டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று தானே குடித்தார். பிறகு உள்ளே போய்ப் பால் இல்லாமல் ஒரு டம்ளர் போட்டுவந்தார்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள், மஞ்சள் எங்கே அரைக்கிறீர்கள், இந்தப் பாத்திரத்தில் முன்பு என்ன செய்தீர்கள். மரப்பெட்டிக்கு எண்ணெய் தடவும் பிரஷ்ஷை எடுத்து, ஒரு முடியைப் பிடுங்கி நெருப்பில் காட்டினாள். மயிர் பொசுங்கும் வாடை வந்தது. பன்றி முடிங்க, இதை மாத்தணும் என்றாள். பெயிண்ட் கடையில் வாங்கிய பிரஷ் அது. அது எதனால் செய்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

எந்தப் பிராணியின் மேலாவது போட்டுப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. எங்கள் மேல்தான் போட்டுப் பார்ப்போம் என்று சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் பட்டாலும் சிவந்துவிடும். அதனால் முதல் துண்டை அக்காதான் போட்டுக் குளிப்பார். அந்தப் பெண் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். முன்னங்கையில் சோடா பட்டு வெந்த தழும்புகள் கறுப்பும் வெள்ளையுமாக இருந்தன. சிலது பழசு, ஒன்று போன வாரத்தது. இது என்னங்க என்றாள். சோடா தெறிச்சதும்மா, இதெல்லாம் ஆயிடும் என்று அக்கா முந்தானையை இழுத்துக் கையை மூடினார். அந்தப் பெண் எதையும் எழுதவில்லை. தோள்பையைத் துழாவி, தான் வைத்திருந்த களிம்பு ட்யூபை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். கையுறை போடாமல் கலக்காதீங்க என்று என்னிடம் சொன்னாள். கையுறை இருக்கத்தான் இருந்தது; வியர்வையில் வழுக்குகிறது என்று நாங்கள்தான் போடுவதில்லை. அதையும் சொன்னேன். எனக்கும் தெரியும்க்கா, எங்க அம்மா சாயப்பட்டறையில இருந்தாங்க என்றாள்.

கிளம்பும் முன்னால்தான் ஆட்டு விஷயத்தைச் சொன்னாள். சோப்பு போடும் அறைக்கு இவ்வளவு பக்கத்தில் ஆடு கட்டக்கூடாது. காற்றில் முடி வருகிறது, கதவுச் சந்தில் குட்டி நுழைகிறது. தூரத்தில் தனியாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டால் போதும், அந்த உறுதியில் இப்போதே எழுதித் தருகிறேன், அடுத்த முறை வந்து பார்ப்பேன் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் மேல் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அன்று இன்னும் ஒரு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

நிலத்தின் அந்தக் கோடியில் கொட்டகை போடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அக்கா இரண்டு நாள் அந்தக் கோடிக்கும் வீட்டுக்குமாக நடந்து பார்த்தார். அந்தக் கோடியில் நாய்த் தொல்லை. அவருக்கோ முழங்கால் வலி, ராத்திரியில் எழுந்து அவ்வளவு தூரம் நடக்க முடியாது. காலையில் ஆட்டைப் பார்ப்பதா, தேங்காயைப் பார்ப்பதா என்பதும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நடந்து வரும்போது என்னிடம் சொன்னார்.

"வித்துடலாம் புள்ள. பாலும் வாணாங்கறாங்க, பக்கத்துல நிக்கவும் வாணாங்கறாங்க. நா யாருக்குன்னு மேய்க்கறது?"

"ரெண்ட வெச்சிக்கலாமேக்கா. டீக்கு ஆவுமில்ல?"

"ரெண்ட வெச்சிகினா மத்ததக் காணம்னு அதுங்க கத்தும். வாணாம்."

காரிமங்கலம் சந்தைக்குக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வண்டியின் முன்னால் இடமிருந்தும் அக்கா பின்னால் ஆடுகளோடு நின்றுகொண்டு வந்தார். நானும் அவரோடு நின்றேன். பாலக்கோடு தாண்டுகிற வரைக்கும் தக்காளி லாரிகள் எதிரும் புதிருமாக வழியை அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் ஆடுகள் எங்கள் கால்களின் மேல் சரிந்தன.

சந்தையில் வளர்ப்புக்கு ஆடு தேடி வந்தவர்கள் குறைவு. மழை இல்லாத வருடம், மேய்ச்சல் இல்லை. வந்தவர்களில் ஒரு குடும்பம் இரண்டு குட்டிகளை மட்டும் வாங்கிப்போனது. மற்றதையெல்லாம் சேர்த்துக் கேட்டவர் ஒரு வியாபாரி. அவர் ஆடுகளின் முதுகை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா, வளர்க்கவா என்று கேட்டார். அந்த ஆள் பொய் சொல்லியிருக்கலாம். சந்தையில் பலரும் சொல்வார்கள். அவர் சொல்லவில்லை.

"கடைக்குத்தாங்கம்மா. ஞாயித்துக்கெழம வேணுமில்ல."

அக்கா தலையாட்டினார். எங்களிடம் வந்தபோது கூடவே கொண்டுவந்த இரண்டு ஆடுகளில் ஒன்று இன்னும் இருந்தது; கிழடு. அதன் கழுத்தில் வெளுத்துப்போன ஒரு கயிறு இருந்தது. அதை மட்டும் அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டு, வேறு கயிறு கட்டிக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கொடுக்க வேண்டாம், திரும்ப ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் போய் எங்கே கட்டுவது? அதனால் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். அக்கா அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். மூக்கனூர் பக்கம் எங்கோ வரும்போது கண்ணைத் திறக்காமலே, எனக்கு உடம்பெல்லாம் அசதியா இருக்குது என்றார். எனக்கும்தாங்க்கா என்றேன்.

வீட்டில் புதிய உறைகள் வந்து கிடந்தன. ஆட்டுப் படம் இருந்த இடத்தில் ஒரு பச்சை இலை, அதன் பக்கத்தில் துள்ளுகிற ஒரு முயல். எந்த உயிருக்கும் தீங்கின்றித் தயாரித்தது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். மறுநாள் லாரி ஆபீசில் பெட்டி போட வேண்டியிருந்ததால் அன்றைக்கே உறை போட உட்கார்ந்தேன். அக்காவும் கை கால் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நீங்க படுங்கக்கா என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இலையும் முயலும் நேராக வரும்படி மடித்து மடித்து என் பக்கம் தள்ளினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் வாசித்துக் காட்டவில்லை.

சோப்பு விற்றது. நாங்கள் நினைத்ததைவிட வேகமாக விற்றது. ஊருக்குள்ளிருந்து இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தோம். மழைக்காலம் முடிந்ததும் மேடம் தானே கார் எடுத்துக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அவரை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். காட்டன் புடவை, நரைத்த தலைக்குச் சாயம் பூசவில்லை. பந்தா இல்லாமல் பாயில் உட்கார்ந்தார். பேச்சு பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக வந்தது. அக்கா கன்னடத்தில் பதில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் எனக்கும் மேடத்துக்கும் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்த பேச்சு, அவர்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீராக ஓடியது.

தான் எப்படி மாறினேன் என்பதை மேடம் சொன்னார். ஒரு பெரிய பால் பண்ணையைப் பார்க்கப் போனாராம். பிறந்த காளைக்கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு மூலையில் கட்டியிருந்தார்களாம். அவற்றுக்குப் பால் இல்லை. அவை கத்திய சத்தம் வெகுநாள் காதை விட்டுப் போகவில்லையாம். அன்றோடு பாலை விட்டுவிட்டாராம். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீங்க செஞ்சது சரிதான், கன்னுக்கு இல்லாத பால் நமக்கெதுக்கு என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அதன் பிறகு மேடம் எழுந்து கேமராவை எடுத்தார். கடைக்குப் படம் வேண்டுமாம். செய்கிற பெண்கள், தேங்காய், காயும் சோப்பு. கடைசியாக ஆடுகளையும் எடுக்கலாம் என்றார். இப்போது பால் கறக்காமல் சும்மா மேய்கின்றன அல்லவா, அதைக் காட்டினால் பார்ப்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றார். ஆடுகள் எங்கே என்று சுற்றிலும் பார்த்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கன்னடத்தில் ஒரே வார்த்தையில் விற்றுவிட்டேன் என்றார். யாருக்கு என்று மேடம் கேட்டார். அதற்கும் அக்கா நேராகவே பதில் சொன்னார். குரலில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

மேடம் கேமராவை மூடினார். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏன்மா, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்னா பண்ணியிருப்பீங்க மேடம்?"

கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவரும் உண்மையிலேயே யோசித்தார். கொட்டகைக்கு ஏதாவது செய்திருக்கலாம், எந்தப் பிராணிகள் காப்பகத்திலாவது கேட்டிருக்கலாம் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். தெரியலைம்மா என்றார். அக்கா உள்ளே போய் அவருக்குப் பால் இல்லாத டீ போட்டுக் கொண்டுவந்தார். இருவரும் படியில் உட்கார்ந்து குடித்தார்கள். அன்று படம் எதுவும் எடுக்காமலே மேடம் கிளம்பிப் போனார்.

எனக்கு அவர் மேல் குறை ஒன்றும் இல்லை. அவர் காதில் கன்றுகளின் சத்தம், எங்கள் கண்ணில் சந்தை. இரண்டும் நடந்தவைதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யார் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் அந்த மாதங்கள் கொஞ்சம் எளிதாகக் கழிந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள், வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகும் அக்கா நின்றுகொண்டிருந்தார். என்னாங்க்கா என்றேன்.

"எனக்கும் அவுங்கள மாதிரியே குடுத்துடு. ஆடு இருந்தப்ப எம்பாலு உள்ள போச்சி, அது என் பங்குன்னு இருந்துச்சி. இப்ப நான் கூலிக்கு வர்றவதான. சோறு போடறீங்கன்னு சும்மா செய்யறதுக்கு பதிலா கூலின்னே இருக்கட்டும்."

குரலை உயர்த்தவில்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்த பேச்சு அது என்று தெரிந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தேன். அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: இந்தச் சோப்பு வேலையை அக்கா பெயரும் என் பெயரும் சேர்த்துப் பதிவு செய்துவிட வேண்டும், பேங்கிலும் இருவர் பெயரிலும் கணக்கு இருக்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்தார். அக்கா நம் வீட்டு ஆள்தானே, அதற்கு எதற்குப் பத்திரம் என்றார். நம் வீட்டு ஆள் என்பதால்தான் அவருக்கு இதுவரை எதுவும் இல்லை என்றேன். அவர் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

பேங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அக்காவிடம், இனிமே பாதி உங்களுதுங்க்கா என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பாதித் தலவலிய எந்தலைல எறக்கிட்ட."

வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ குடித்தோம். பால் ஊற்றிய டீதான்.

அதற்குப் பிறகு போனைப் பெரும்பாலும் அக்காவே எடுக்கிறார். போன பொங்கலுக்கு முன்னால் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. எங்கோ ஒரு கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வீகன் சோப்பு கொடுக்கப்போகிறார்களாம். நானாக இருந்தால் வழக்கம்போலச் சரிங்க மேடம் என்றிருப்பேன். பிறகு எல்லோரும் பொழுது விடியும் வரை கலக்கியிருப்போம், ஈரம் காயாத சோப்பை உறையில் போட்டிருப்போம். அக்கா கேட்டுவிட்டு, நிதானமாக, "ஆகல்லம்மா" என்றார். ஆகாது. ஒரு மாதத்துக்கு மேல் காய வேண்டிய சோப்பை அவசரப்படுத்த முடியாது, இங்கே கைகளும் அத்தனைதான் இருக்கின்றன என்று கன்னடத்தில் விளக்கினார். நான் பக்கத்தில் பயந்துகொண்டு நின்றேன். மேடம் மறுத்துப் பேசவில்லை. எங்களால் முடிந்ததை மட்டும் கேட்டுக்கொண்டு, மீதியை வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார். அந்த வேறு யாரோ ஒருவர் இப்போது அவருக்குத் தொடர்ந்து அனுப்புகிறார். எங்களுக்கு வருவது முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒருமுறை முணுமுணுத்தார். நானும் கணக்குப் போட்டுக் கவலைப்பட்டுப் பார்த்தேன். ஆனால் இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையைச் சாத்திவிடுகிறோம். வேலைக்கு வரும் பெண்கள் வேப்பமரத்தடியில் தலைசாய்க்கிறார்கள். அக்கா தன் ஓட்டு அறைக்குப் போய்ப் படுக்கிறார். நான் இங்கேயே, காயும் சோப்புகளுக்கு நடுவில், தரையில் பாய் விரித்துப் படுக்கிறேன். படுத்ததும் தூக்கம் வருவதில்லை. இடுப்பு மெல்ல மெல்லத் தரையில் படிய வேண்டும். அதுவரைக்கும் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.